சொம்புத் தண்ணீரும் செல்போனும்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வயதானவர்களுக்குச் செல்போன் சொல்லிக்கொடுக்கிறோம். வகுப்பு என்றெல்லாம் சொல்ல முடியாது. ஒரு திண்ணை, ஒரு பாய், ஒரு சொம்புத் தண்ணீர். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமில்லை.

முதல் மாதமே தறிக்காரர் ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். பட்டு வேட்டி நெய்து நெய்து விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. வாட்ஸ்அப்பைத் தொடச் சொன்னேன். தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. பலங்கொண்ட மட்டும் அழுத்தினார். அந்தப் பச்சைப் படம் இடம் மாறி எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. "நமக்கெல்லாம் இது ஆவாது கண்ணு" என்று போனை மடியில் வைத்துவிட்டார். நான் அதை எடுத்து நானே கடகடவென்று செய்து காட்டினேன். என் விரல் வேலை செய்தது, அவர் வேடிக்கை பார்த்தார். அந்த வாரம் அவர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

தொடுதிரைக்கு அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் உண்டாகிற சின்ன மாற்றத்தைத்தான் அது கவனிக்கிறது. காய்ந்து காய்ப்பேறிய தோல் அதற்குச் சரியாகப் புலப்படுவதில்லை. அடுத்த வாரம் விரலைச் சொம்பில் தொட்டு, துண்டில் ஒற்றிவிட்டு மெல்லத் தொடச் சொன்னேன். உடனே திறந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, விரலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம்: சொல்லிக்கொடுப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இளவட்டங்களுக்கு இது பெரிய தண்டனை.

நவம்பர் வந்தால் ஓய்வூதியக்காரர்கள் கூட்டம். ஓய்வூதியம் நிற்காமல் வர வருடாவருடம் தர வேண்டிய உயிர்வாழ் சான்றை 2014 முதல் ஜீவன் பிரமாண் என்ற மத்திய அரசு சேவை வழியாக டிஜிட்டலாகத் தரலாம். ரேகை தேய்ந்தவர்களுக்கு 2021-இல் முகம் காட்டிப் பதியும் வசதியும் வந்தது. போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்து, பூ வைத்துக்கொண்டு வந்தார் ஓர் அம்மா. வைத்துக்கொள்ளட்டுமே.

பணம் அனுப்பப் பழகியவர்களுக்குக் கடைசியில் ஒரு பரீட்சை உண்டு. தறிக்காரரிடம் என் கியூஆர் கோடைக் காட்டி, "ஸ்கேன் பண்ணுங்க ஐயா, உங்க கணக்குக்குப் பத்து ரூபாய் வரும்" என்றேன். விரலை நனைத்தார், ஸ்கேன் செய்தார், தொகையும் போட்டார். ரகசிய 'பின்' நம்பர் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"காசு வாங்கறதுக்கு எதுக்கு நம்பர்?" என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்படி ஏமாத்திட்டா எந்த நம்பருக்குக் கண்ணு அடிக்கணும்?" என்று கேட்டார்.

1930 என்றேன். வீட்டுக்குப் போனதும் தறிக்குப் பக்கத்துச் சுவரில், பாவுக் கணக்கு எழுதுகிற இடத்தில், சாக்கட்டியால் அதைப் பெரிதாக எழுதி வைத்துவிட்டார்.