பொங்கலைத் தாண்டுமா உங்கள் தீர்மானம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். புத்தாண்டுத் தீர்மானம் நிலைப்பது மன உறுதியாலா, முன்னேற்பாட்டாலா என்பது தலைப்பு. முன்னேற்பாட்டால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "வைராக்கியம் இருந்தால் வழி தானாகப் பிறக்கும்" என்று சொல்லி நல்ல கைதட்டல் வாங்கிப் போனார். கைதட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஜனவரி 9ஆம் தேதியோடு நின்றுபோன டைரி கிடக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

வைராக்கியத்துக்கு என்ன குறைச்சல், நடுவர் அவர்களே? டிசம்பர் 31 ராத்திரி அது எல்லாரிடமும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பிரிட்டனில் 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். 248 மாணவர்கள், மூன்று குழுக்கள். வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்கிறார்களா என்று பார்த்தார்கள். ஊக்கமெதுவும் கொடுக்காத குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு இதய நோயின் ஆபத்தை விளக்கி, உடற்பயிற்சியின் அருமையைச் சொல்லி உசுப்பேற்றினார்கள். 35 சதவீதம்! மூன்றாவது குழுவுக்கும் அதே விளக்கம்தான்; கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதச் சொன்னார்கள். 91 சதவீதம். எதிரணியின் கட்சி 35இலும் எங்கள் கட்சி 91இலும் இருக்கிறது.

"21 நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் பழக்கமாகிவிடும்" என்றார் இன்னொரு நண்பர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளர் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே வரச் சராசரியாக 66 நாள் ஆனது. 84 நாளில் கண்டதை வைத்து மேற்கொண்டு கணக்கிட்டால், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகிறது. தண்ணீர் குடிக்கிற பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், உடற்பயிற்சி இழுக்கும். 66 நாள் என்றால் மார்ச் முதல் வாரம். 21ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று கைவிடுகிறவருக்கு உறுதி குறைவில்லை. நண்பர் கொடுத்த கணக்குதான் தப்பு.

சரி, முன்னேற்பாடு என்றால் என்ன? நடைப்பயிற்சியையே எடுத்துக்கொள்வோம், ஜனவரியில் ஷூ விற்பனையே அதை நம்பித்தானே! "பத்துக் கிலோ குறைப்பேன்" என்பது ஆசை. எடை நம் கையில் இல்லை. தண்ணீராலும் உப்பாலும் மட்டுமே ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். தினம் எடை பார்ப்பவர் நாலாம் நாளே நொந்துபோவார். வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். நம் கையில் இருப்பது நடை. அதை ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட வேண்டும். "காலண்டரில் தேதி கிழித்ததும் செருப்பை மாட்டுவேன்." இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "நேரம் கிடைக்கும்போது நடப்பேன்" என்பவருக்கு மார்கழிக் குளிரில் எந்த நேரமும் கிடைக்காது.

அளவு? வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது 30 நிமிடம், ஐந்து நாள். முதல் நாளே அதற்குத் தாவுவதுதான் ஆரம்ப சூரத்தனம். மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் 10 நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 5 நிமிடம் கூட்டினால், ஒன்பதாம் வாரம், பிப்ரவரி கடைசியில், 30 வந்துவிடும். அடி மேல் அடி அடித்தால் அம்மி நகரும். ஒரே அடியில் நகர்த்தப் பார்த்தால் கைதான் போகும்.

"இனிமேல் டீக்கடைப் பக்கமே போக மாட்டேன்" மாதிரியான தீர்மானங்களும் வம்பு. ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், 'இதைச் செய்வேன்' என்றவர்களில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் வென்றார்கள். 'இதைச் செய்ய மாட்டேன்' என்றவர்களில் 47. நாலு மணிக்கு வடைக்குப் பதில் சுண்டல் என்று முடிவுசெய்தால் கைக்கு ஒரு வேலை இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தவறினால் என்ன செய்வது? நம் அஞ்சலகத் தொடர் வைப்பை, அதாவது ஆர்.டி.யைப் பாருங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து, ஐந்து வருஷம், 60 தவணை. ஒரு மாதம் கட்டாவிட்டால் கணக்கையா மூடுகிறார்கள்? நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நாலு தவணை விட்டால்தான் கணக்கு நிற்கும். அப்போதும் புதுப்பிக்க இரண்டு மாதம் அவகாசம். மனுஷன் தவறுவான் என்று எதிர்பார்த்தே எழுதிய விதி! வைராக்கியக்காரரிடம் இப்படி ஒரு விதி கிடையாது. அவருக்கு ஒரு நாள் விட்டால் மொத்தமும் போச்சு. லாலியின் ஆய்விலோ, ஒரு நாள் விட்டவர்களுக்குப் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஆகவே எழுதி வையுங்கள்: ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, இரண்டு நாள் தொடர்ந்து விட்டால், மூன்றாம் நாள் மழையோ விருந்தோ, தெருமுனை வரைக்குமாவது நடை.

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்புக்கு முன்னால் எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், நடுவர் அவர்களே. ஜனவரி நடுவில் பொங்கல். ஊருக்குப் போகிறோம், மூன்று நாலு நாள் விருந்து, காலண்டர் கிழிக்க ஆள் இல்லை. அன்றைக்கு உங்கள் தீர்மானம் என்ன செய்யும்? "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் தீர்ப்பு எங்களுக்கு. "அதற்கும் எழுதி வைத்திருக்கிறோம்" என்றால், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காரச் சொல்லுங்கள்.