மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு: ஆளுக்கேற்ற வலி மருந்து

நேயர்களுக்கு வணக்கம். ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நான். முழங்கால் மூட்டு மாற்ற வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "ரொம்ப வலிக்குமா டாக்டர்?" என்பதுதான். வலிக்கும். எலும்பு முனைகளைச் சீவிவிட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிற வேலை அது; வலிக்காது என்று சொன்னால் பொய். ஆனால் அதை எந்த மருந்தால், எவ்வளவு அடக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். "பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரையையே எனக்கும் கொடுங்க" என்பவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

இப்போது ஒரே மருந்தை நம்பி நாங்கள் இருப்பதில்லை. ஆபரேஷனுக்காக முதுகில் போடும் ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். அதற்குப் பிறகும் வலி தெரியாமல் இருக்க, தொடையின் உட்பக்கம் நடுப்பகுதியில், ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து போடுகிறோம். அடக்டர் கெனால் பிளாக் என்று பெயர். முன்பெல்லாம் தொடை இடுக்கில், தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் பெமொரல் நரம்பையே மரக்கச் செய்வது வழக்கம். வலி நன்றாக அடங்கும். ஆனால் தொடைத் தசையும் சேர்ந்து தளர்ந்துவிடும். பாத்ரூம் போக எழுந்தவர் கால் மடங்கி விழக்கூடும். உட்தொடை ஊசியில் அந்தத் தொல்லை குறைவு. முழங்காலின் பின்பக்க வலிக்கு அது போதாது என்பதால், தையல் போடும் முன் அறுவை மருத்துவர் மூட்டைச் சுற்றிலும் மரப்பு மருந்தைச் செலுத்துவார். கூடவே பாராசிட்டமாலும், வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரையும் தருவோம். இத்தனைக்கும் அடங்காத வலிக்குத்தான் டிரமடால், மார்ஃபின் போன்ற வலுவான வலி மருந்துகள்.

சரி, இதில் யாருக்கு எதை விலக்குவது? மூட்டு மாற்ற வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். சுகர், பிபி இரண்டும் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடியிருந்தால் சிறுநீரகம் மந்தம் என்று பொருள்; அவருக்கு, வீக்கத்தைக் குறைக்கும் டைக்ளோபினாக், எட்டோரிகாக்சிப் வகை மாத்திரைகளை நான் எழுதமாட்டேன். பிபிக்கு டெல்மிசார்டானும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு அவற்றோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காமல் போகலாம். இதய நோய் உள்ளவர்களுக்கும் யோசித்துத்தான். ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரை மாரடைப்பு அபாயம் காரணமாக 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. அதே குடும்ப மாத்திரைகள் சில இன்றும் புழக்கத்தில் உள்ளன. மார்ஃபினிலும் ஒரு சிக்கல். உடலில் அது மாறி உண்டாகும் பொருள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் மந்தமானால் அது தேங்கி, ஆள் தூங்கி வழிவார்.

டிரமடால் சிலருக்கு வேலையே செய்யாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றினால்தான் முழு வலுவும் கிடைக்கும். பிறவியிலேயே அந்த நொதி சுணங்கியவர்கள் உண்டு. அந்த நொதி அளவுக்கு மீறி வேகமாக வேலை செய்கிறவர்களும் உண்டு. "அந்த மாத்திரை எனக்குக் கேட்கவே இல்லை" என்று ஒருவர் சொன்னால் அது சாக்குப்போக்கு அல்ல. வலிப்பு நோய் இருந்தாலும், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாலும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிரமடாலோடு அவை ஒத்துப்போகாமல் போகலாம்.

அப்புறம், குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மார்ஃபின் வகை மருந்தோடு தூக்க மாத்திரையோ, நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலினோ சேர்வது ஆபத்து. குறட்டை உண்டா என்று கேட்டால் நோயாளி "இல்லையே" என்பார். பின்னால் நிற்கும் மனைவி சிரிப்பார். நான் மனைவியின் பக்கம்.

வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணால் சொல்லச் சொல்வது ஆஸ்பத்திரி வழக்கம். எனக்கு அந்த எண் மட்டும் போதாது. ஏழு என்று சொல்லிக்கொண்டே வாக்கரைப் பிடித்து வராந்தா முழுக்க நடப்பவர் உண்டு. "பரவாயில்லப்பா, மூணுதான்" என்று சொல்லிவிட்டு, காலை அசைக்கப் பயந்து கட்டிலோடு கிடக்கும் பாட்டியும் உண்டு. எனக்குக் கவலை பாட்டியைப் பற்றித்தான். அசையாத காலில் ரத்தம் உறையும், மூட்டு இறுகும். அதனால், மடக்க முடிகிறதா, இரவு தூங்கினீர்களா என்று கேட்டு, அதை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவேன், குறைப்பேன்.

பல வருடமாக வலி மாத்திரையிலேயே காலம் தள்ளியவர்கள், இடுப்பு, முதுகு என்று வேறு இடங்களிலும் வலி உள்ளவர்கள், ஆபரேஷனை நினைத்தே தூக்கம் கெட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் வலி கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தே திட்டம் போடவேண்டும். ஆபரேஷன் நன்றாக முடிந்தும், சுமார் ஐந்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வலி தொடர்கிறது.

தொடையில் போட்ட ஊசி பெரும்பாலும் முதல் இரவோ மறுநாளோ விட்டுப்போகும். வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின், பிசியோதெரபிக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்பு மாத்திரை போட்டால் காலை மடக்குவது சுலபம். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைக்காதீர்கள்; கால் மடங்கியே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக்கூடாது, மெலிந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஆடுசதை வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலோ, குறைந்துவந்த வலி திடீரென்று ஏறினாலோ, மாத்திரையைக் கூட்டாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வணக்கம்.