அற்ககோல் மைசெல்லை உடைக்குமா, கட்டுமா?

சபைக்கு வணக்கம். இந்த மாலை நேரத்தில் வெள்ளவத்தைக் கடற்கரைக் காற்றை விட்டுவிட்டு சவர்க்காரத் தண்ணீரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள், மெத்தச் சந்தோஷம். உயர்தர இரசாயனம் படிக்கிற பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். "அற்ககோல் போட்டால் மைசெல் உடையும்" என்று பலர் பாடமாக்கி வைத்திருக்கிறீர்கள். எந்த அற்ககோல், எவ்வளவு என்று கேட்காமல் அந்த வரியை எழுதவே கூடாது.

சவர்க்கார மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை, தண்ணீரோடு ஒட்டாத நீண்ட வால். செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று உருண்டை கட்டிக்கொள்ளும், அதுதான் மைசெல். ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படும் சவர்க்காரப்பொருளான சோடியம் டொடெசைல் சல்பேற்றுக்கு 25 பாகை செல்சியசில் அந்த எல்லை லீற்றருக்குச் சுமார் 8 மில்லிமோல். ஓர் உருண்டையில் ஏறக்குறைய 60 மூலக்கூறுகள்.

சரி, இதில் எதனோல் ஊற்றுங்கள். கொஞ்சம் ஊற்றினால் அந்த எல்லை சற்றே இறங்கும், நிறைய ஊற்றினால் ஏறத் தொடங்கும். எதனோல் பெரும்பாலும் தண்ணீரிலேயே கலந்து நிற்பதால் கரைப்பானின் குணமே மாறிவிடுகிறது; வால்களுக்கு வெளியே இருப்பது முன்போல் கஷ்டமில்லை, பிறகு எதற்கு ஒளிய வேண்டும்? பாதிக்குப் பாதி எதனோல் என்றால் மைசெல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. நுரையும் அடங்கிப்போகும்.

ஆனால் பியூற்றனோல், பென்றனோல், எக்சனோல் என்று காபன் சங்கிலி நீள நீளக் கதை தலைகீழ். இவை தண்ணீரில் நிற்காமல் மைசெல்லுக்குள் புகுந்து, தங்கள் ஐதரொட்சில் கூட்டம் வெளியே பார்க்க, சவர்க்காரத் தலைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கின்றன. காலி வீதி பஸ்ஸில் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சின்னப் பிள்ளை வந்து நின்றால் எப்படியோ அப்படி, மறை ஏற்றமுள்ள தலைகளின் தள்ளுவிசை தணிகிறது. அதனால் குறைந்த செறிவிலேயே மைசெல் உருவாகும். உப்பும் சேர்ந்தால் உருண்டை நீண்டு புழுப்போலவும் ஆகலாம். 1943இல் ஷுல்மன், ஹோர் என்ற இரு இரசாயனவியலாளர்கள் எண்ணெய், தண்ணீர், சவர்க்காரம், அற்ககோல் சேர்ந்த கலவை கண்ணாடிபோலத் தெளிவாக நிற்பதை எழுதினார்கள். நடுத்தர நீள அற்ககோலைத் துளித்துளியாக விடும்போது பால்போன்ற குழம்பு சட்டென்று தெளிவதை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள், புத்தகத்தில் வாசிப்பது போதாது!

அப்புறம் டொடெக்கனோல், பன்னிரண்டு காபன் கொண்ட இன்னும் நீண்ட அற்ககோல். ஆய்வுகூடப் போத்தலில் உள்ள அந்தச் சல்பேற்றிலேயே இது அழுக்காக ஒளிந்திருக்கும், கரைசலை நாட்கணக்கில் வைத்தாலும் நீர்ப்பகுப்பால், அதாவது தண்ணீர் அந்தச் சல்பேற்றை உடைப்பதால், உருவாகும். செறிவுக்கு எதிரே மேற்பரப்பிழுவிசையைக் குறித்த வரைபில், மைசெல் உருவாகும் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் தெரிந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்: மைசெல் இல்லாதவரை மேற்பரப்பில் படிந்து இழுவிசையைக் குறைக்கும், மைசெல் வந்ததும் அதற்குள் போய்விடும், இழுவிசை திரும்ப ஏறும். ஆகவே வரைபை நம்புவதற்கு முன் சல்பேற்றைச் சூடான எதனோலில் கரைத்து மீளப் படிகமாக்குங்கள், கரைசலையும் அன்றன்றைக்கே புதிதாகத் தயாரியுங்கள்.