கதவைத் திறக்க முதல்

நேயர்களுக்கு வணக்கம். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு நாலு விஷயம் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குக் கார் ஓடப் பழக்குகிறவன் நான். நாலையும் சொல்ல நேரம் காணுமோ தெரியாது. முதலாவது விஷயம் எனக்குக் கொஞ்சம் நீளும்.

நான் பழகினது தொண்ணூறுகளில், மண்ணெண்ணெயில் ஓடின ஒரு ஒஸ்ரின் ஏ40 காரில். யுத்தத்தால் பெற்றோல் வராத காலம். நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவோம். கெதியாகப் போக நினைத்தாலும் அந்தக் கார் விடாது. அது வருகிற சத்தம் நாலு ஒழுங்கைக்கு அங்கால் கேட்கும், சைக்கிள்காரர் தாங்களாகவே ஒதுங்குவார்கள். இப்ப பிள்ளைகள் எடுப்பது சத்தமே இல்லாத ஹைபிரிட். நீங்கள் பின்னால் வருவது சைக்கிளில் போகிற ஐயாவுக்குத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விபத்து என்றதும் எல்லாரும் வேகத்தைத்தான் நினைப்பார்கள். நான் விட்ட பெரிய பிழையோ, கார் நின்ற பிறகு நடந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, பலாலி வீதி ஓரம். ஹான்ட் பிரேக் இழுத்தாச்சு, எஞ்சின் நிப்பாட்டியாச்சு, திறப்பு கையில். மனம் ஏற்கெனவே சந்தைக்குள் போய் மரக்கறி தெரிந்துகொண்டு நிற்கிறது. வலது கையால் கதவைத் தள்ளினேன். டமார்! ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், காரியரில் கீரைக்கட்டு, றோட்டில் விழுந்து கிடக்கிறார். தோள் எலும்பில் வெடிப்பு. "ஐயா, நீங்கள் வந்ததை நான் காணேல்லை" என்றேன். கிடந்தபடியே சொன்னார்: "தம்பி, நான் சந்தியிலையிருந்து வந்துகொண்டுதானே இருந்தனான்." அப்போது நான் பழக்கத் தொடங்கி ஒன்பது வருஷம். காரில் எல் போர்ட் வேறு தொங்குகிறது. சந்தைச் சனம் அதையும் பார்த்து, என்னையும் பார்த்தது.

ஒல்லாந்தில் இருக்கிற என் மச்சாள் பிறகொரு முறை லீவில் வந்திருந்தா. காரால் இறங்கும்போது கதவுக்குத் தூரமாக இருக்கிற கையால் திறக்கிறா. அங்கே அப்படித்தான் பழக்குவார்களாம். 1658 இல் எங்கள் கோட்டையைப் பிடித்த அதே ஒல்லாந்தர்தான். எனக்கென்றால் கோட்டையைவிட இது பிரயோசனம்.

எங்கள் நாட்டில் ஓடுகிறவர் வலப்பக்கம் இருப்பார், கதவும் வலப்பக்கம். அதை இடது கையால் திறவுங்கள். கை குறுக்கே எட்டும்போது உடம்பு தானாகத் திரும்பும், கண் பக்கக் கண்ணாடிக்கும் பின்னால் றோட்டுக்கும் போகும். வலது கையால் தள்ளினால் கண் முன்னுக்கே நிற்கும். வானொலியில் கையைக் காட்ட ஏலாது, அதனால் இன்னொருக்கால் சொல்கிறேன்: வலப்பக்கக் கதவுக்கு இடது கை, இடப்பக்கக் கதவுக்கு வலது கை. பின் சீற்றில் இருக்கிற சின்னப்பிள்ளைகளுக்கும் இதுதான். இப்ப கதிரையில் இருந்தபடியே ஒருக்கால் செய்து பாருங்கள். ரியூசன் விடுகிற நேரத்தில் சோடி சோடியாகச் சைக்கிள் வருகிற ஊர் இது.

இரண்டாவது, இடைவெளி. மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல் போய்விடுவீர்கள். முன்னால் போகிற வாகனம் ஒரு லைற் போஸ்ற்றைத் தாண்டினதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிய முதல் நீங்களும் அதைத் தாண்டினால், கிட்டப் போய்விட்டீர்கள். மழைக்கு நாலு வரை எண்ணுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. ஏ9 வீதியில் இரவு போனவர்களுக்குத் தெரியும், பளை தாண்டினால் நடு றோட்டில் மாடு படுத்திருக்கும், பின்லைற் இல்லாத லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஊர்ந்துகொண்டிருக்கும். உங்கள் லைற் எட்டுகிற தூரத்துக்குள் நிப்பாட்ட ஏலாவிட்டால்...

கண்ணாடிக்கு அங்கால் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிஷமாம். ஒழுங்கையில் ரிவேர்ஸ் எடுப்பதை விடுகிறேன், றெயில் கடவையை விடமாட்டேன். 1990 இல் நின்ற றெயில் 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. நடுவில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. ஒரு தலைமுறை கடவையில் நின்று பார்க்கிற பழக்கமே இல்லாமல் வளர்ந்தது. கேற் இல்லாத கடவையில் முழுதாக நில்லுங்கள். முதலாம் கியரில் கடவுங்கள், தண்டவாளத்துக்கு மேலே கியர் மாத்த வேண்டாம். அங்கால் வாகனம் தேங்கி நின்றால் இங்காலேயே நில்லுங்கள். ஏசி போட்டுக் கண்ணாடி பூட்டியிருந்தால் றெயில் ஊதுவதும் கேட்காது. கண்ணாடியைப் பதியுங்கள், றேடியோவை நிப்பாட்டுங்கள். நான் கதைத்துக்கொண்டிருந்தாலும் நிப்பாட்டுங்கள்.