நாலு வாரக் கப்பிக் குஞ்சு: ஆணா, பெண்ணா?

(காட்சி: கண்ணாடி டம்ளரில் ஒரு கப்பிக் குஞ்சு. பின்னால் டார்ச் வெளிச்சம்.)

வணக்கம். யாங்கோனிலிருந்து பேசுகிறேன். இந்த டம்ளரில் நீந்துவது பிறந்து 26 நாளான கப்பி மீன் குஞ்சு. வாலில் இன்னும் நிறம் ஏறவில்லை. ஆணா, பெண்ணா? வாலை விடுங்கள், வயிற்றுக்குக் கீழே பாருங்கள்.

(காட்சி: குதத்துடுப்பு, மிக நெருக்கமாக.)

கழிவு வாய்க்குப் பின்னால் இருக்கிறதே, அதுதான் குதத்துடுப்பு. பெண்ணுக்கு இது விசிறி மாதிரி விரிந்தே இருக்கும். ஆண் வளர வளர, துடுப்பைத் தாங்கும் மெல்லிய எலும்புக் கம்பிகளான கதிர்களில் 3, 4, 5ஆவது தடித்து நீண்டு, துடுப்பு ஒடுங்கிக் குச்சி போலாகிவிடும். அதற்குக் கோனோபோடியம் என்று பெயர். ஆண் அதை முன்பக்கமாகத் திருப்பித்தான் பெண்ணின் உடலுக்குள் விந்தைச் செலுத்துகிறது. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால், குட்டி போடும் இந்த நாலு தொட்டி மீனுக்கும் இதே அடையாளம். மோலியில் ஆணும் பெண்ணும் ஒரே நிறத்தில் இருக்கும், அங்கே இந்தத் துடுப்பை நம்பித்தான் ஆகவேண்டும்.

பெண் கப்பிக்கு அந்தத் துடுப்பின் பக்கத்தில் கருமையாக ஒரு சினைப்புள்ளி தெரியும். ஆனால் கறுப்பு மோலியில் அது கண்ணுக்குப் படாது.

சரி, இவ்வளவு சின்னதிலேயே ஏன் பார்க்க வேண்டும்? நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கடையில் சிவப்பு வால் பெண் கப்பி நாலு வாங்கி, வீட்டில் வளர்த்த நீல ஆணோடு விட்டேன். குட்டிகள் பிறந்து வளர்ந்தன, ஒன்றில்கூட நீலம் இல்லை. அடுத்த ஈற்றிலும் அப்படியே. கடைத் தொட்டியிலேயே அவை வேறு ஆணோடு சேர்ந்திருக்கின்றன. ஒருமுறை சேர்ந்தால் போதும், பெண் அந்த விந்தை உள்ளேயே வைத்திருந்து பல மாதங்கள் குட்டி போடும். ஆண் ஏழெட்டு வாரத்தில் தயாராகிவிடும், சிலது அதற்கும் முன்னால். அதனால் நாலாம் வாரத்திலேயே பிரித்துவிடுங்கள். நினைத்த நிறம் வேண்டுமென்றால் வேறு வழியே கிடையாது.

வாள்வாலில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெண் என்று நினைத்து வைத்திருந்த மீனுக்குப் பல மாதம் கழித்து வாள் முளைக்கும். பெண் ஆணாக மாறிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது தாமதமாக வளர்ந்த ஆண்தான்.

(காட்சி: அகன்ற வாய் ஜாடி. மேலே மிதக்கும் ஆகாயத்தாமரை.)

அப்புறம் சேர்க்கை. ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் விடுங்கள். ஒன்றுக்கு ஒன்று விட்டால் ஆண் ஓயாமல் துரத்தும், பெண் இளைத்துப்போகும். சினைக்காலம் ஏறக்குறைய நாலு வாரம், மோலிக்கு இன்னும் சில நாள் கூடலாம். தண்ணீர் 24 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. வயிறு சதுரமாகப் புடைத்து, புள்ளி கறுத்து, மீன் ஒரு மூலையில் ஒதுங்கினால் நேரம் நெருங்கிவிட்டது. அந்தக் கடைசி நேரத்தில் அதைப் பிடித்துச் சின்னப் பெட்டியில் அடைக்காதீர்கள், பயத்தில் குறைமாதத்தில் போட்டுவிடும்.

தாயே குட்டியைத் தின்னும். நான் நம்புவது ஆகாயத்தாமரையை, இங்கே பேடா என்கிறோமே, அதைத்தான். அதன் வேருக்குள் குட்டிகள் புகுந்துகொண்டால் பெரிய மீனுக்கு எட்டாது. குளத்திலிருந்து எடுத்ததும் போட்டுவிடாமல் நன்றாக அலசி, சில நாள் தனி வாளியில் வையுங்கள். தட்டான் புழு ஒளிந்து வந்தால் குட்டிகளைத் தின்று தீர்த்துவிடும்.

கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் இது. பம்ப் நின்றாலும் தாங்க வேண்டுமென்றுதான் வாய் அகன்ற ஜாடியில், மீனைக் குறைவாக விட்டு வளர்க்கிறேன். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள். குட்டிக்கு வேகவைத்த மஞ்சள்கரு, ஊசி முனை அளவு, நாளைக்கு மூன்று தடவை போதும். மிஞ்சினால் தண்ணீர் நாறிவிடும்.

குட்டி பெருகிவிட்டால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், ஓடையில் விடாதீர்கள். கப்பியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. குட்டி போடுகிற மீன் பர்மாவின் நீர்நிலைகளுக்கும் சொந்தமாகவே உண்டு, கீழ்த்தாடை ஊசி போல நீண்ட சின்ன மீன். அதன் இடத்தில் கப்பியைக் கொண்டுபோய் விட வேண்டாம்.

(காட்சி: மறுபடி டம்ளர்.)

இதோ, நம் குஞ்சு திரும்புகிறது. துடுப்பின் முன்விளிம்பு தடித்திருக்கிறது, விசிறி ஒடுங்கத் தொடங்கிவிட்டது. ஆண். இடதுபக்க ஜாடிக்குப் போகிறது.