டைனிங் டேபிள் மேல ஷீட் போட்டும் ஏன் கீறல் விழுது? – உங்கள் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "மர டைனிங் டேபிள் வாங்கி மூணு மாசம்தான் ஆகுது. மேல டிரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கோம். அப்படியும் பாலிஷ்ல மெல்லிசா கோடு கோடா விழுது. வேற என்ன விரிக்கலாம்?"

என்ன விரிக்கலாம்னு அப்புறம் பாப்போம்மா. முதல்ல அந்த ஷீட்டை எடுத்துட்டு, ராத்திரி லைட்டை அணைச்சிடுங்க. போன் டார்ச்சை டேபிள் ஓரத்துல படுத்த வாக்குல பிடிச்சுப் பாருங்க. பகல்ல தெரியாத கோடெல்லாம் அப்போ தெரியும். ஷீட்டுக்கு அடியில மணல் மாதிரி ரெண்டு மூணு துகளும் மின்னும். கோடு போடுறது அதுதான்.

வீட்டுத் தூசியில மணல் கலந்திருக்கும். மணல்ல பெரும்பாலும் இருக்கிறது குவார்ட்ஸ்ங்கிற கனிமம். எந்தப் பொருள் எதைக் கீறும்னு சொல்ல, 1812-ல ஃபிரெட்ரிக் மோஸ்ங்கிறவர் 1-லேருந்து 10 வரைக்கும் ஒரு அளவுகோல் கொடுத்தார். எண் கூடக் கூட கடினமும் கூடும். அதுல குவார்ட்ஸ் 7. சாதாரண ஜன்னல் கண்ணாடியே 5½ கிட்டதான். மார்பிள் 3. கண்ணாடியையே கீறுற துகளுக்கு, மரத்து மேல இருக்கிற மெல்லிசான பாலிஷ் எம்மாத்திரம்? அதை அடியில வச்சு மேல ஷீட்டைப் போட்டா, நாம கை ஊன்றும்போதும் தட்டை நகர்த்தும்போதும் ஷீட்டு லேசா நகரும். பாதுகாப்புக்குப் போட்டதே உப்புத்தாள் வேலை பாக்க ஆரம்பிச்சிடும்.

அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது விரிப்பை எடுத்துடணும். இழுக்காதீங்க, தூக்கி எடுங்க. மெத்துனு இருக்கிற துணியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு துடைங்க, அப்புறம் காஞ்ச துணியால ஈரத்தை ஒத்தி எடுங்க. முதல்லயே காஞ்ச துணியைப் போட்டு அழுத்தித் தேய்க்கிறது வேண்டவே வேண்டாம், தூசியோட சேர்த்துத் தேய்ச்ச மாதிரி ஆயிடும். பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பர் டேபிள் பக்கமே வரக்கூடாது, அதுலயே அராவுற துகள் இருக்கு.

அந்த பிளாஸ்டிக் ஷீட்டைப் பத்தி இன்னொன்னும் சொல்லணும். வளையுற பிவிசி ஷீட்டுல அதை இளக்கமா வச்சிருக்க ஒரு பொருள் சேர்ப்பாங்க. நாளாக நாளாக அது கசிஞ்சு சில வகை பாலிஷை இளக்கிடும். ஒரு நாள் ஷீட்டைத் தூக்கினா பசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். அந்தச் சேதம் கீறலை விட மோசம். அதனால பிவிசியை நேரா மரத்து மேல போடாதீங்க. நடுவுல ஒரு பருத்தித் துணி இருக்கட்டும். துணி அடிப்பாகம் உள்ள டேபிள் பேட் கிடைச்சா இன்னும் நல்லது. கண்ணாடி போடுறதா இருந்தா டஃபன்ட் கிளாஸ் (சூடாக்கி உறுதியாக்கின கண்ணாடி), அது மரத்துல படாம இருக்க அடியில சின்னச் சின்ன மெத்து புஷ், போடுறதுக்கு முன்னாடி சுத்தமா ஒரு துடைப்பு.

இப்போ ஒரு பீங்கான் தட்டைத் திருப்பி, அடியில இருக்கிற வளையத்தை விரலால தடவிப் பாருங்க. மேல வழவழன்னு இருக்கும், அந்த வளையம் மட்டும் சொரசொரன்னு இருக்கும். அந்த இடத்துல பெரும்பாலும் மேல்பூச்சு இருக்காது. ஒவ்வொரு நாற்காலிக்கும் நேரா டேபிள்ல குட்டிக் குட்டியா கோடு இருந்தா, தட்டைத் தன் பக்கமா இழுத்து இழுத்து வந்ததுதான். நைஸ் உப்புத்தாளை நனைச்சு அந்த வளையத்தை மட்டும் தேய்ச்சுக் கழுவிடுங்க, சொரசொரப்பு போயிடும். தட்டுக்கு அடியில துணி மேட்டும் வைங்க, சாப்பிட்டு முடிச்சதும் வெளியில உதறிடுங்க. பூச்சாடி மாதிரி எப்பவும் டேபிள்லயே இருக்கிற பொருளுக்கு அடியில ஃபெல்ட் (கம்பளி மாதிரி மெத்துனு இருக்கிற தடிமனான துணி) ஒட்டலாம். ஃபெல்ட்டுலயும் மணல் ஏறும், அதனால அப்பப்போ பாத்து மாத்தணும்.

ஏற்கெனவே விழுந்த கோட்டு மேல நகத்தைக் குறுக்கா ஓட்டிப் பாருங்க. நகம் தடுக்கலைன்னா மெழுகு பாலிஷ் போதும், பாதி மறைஞ்சிடும். அதையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில தடவிப் பாத்துட்டு அப்புறம் மேல போடுங்க. நகம் சிக்குச்சுன்னா பாலிஷ் போடுறவர்கிட்ட காட்டிடுங்கம்மா, நீங்களா தேய்க்காதீங்க.