தட்டானும் கும்பிடுபூச்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பூச்சிகளைப் பற்றிக் குழந்தைகளிடம் பேச உட்கார்ந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "தட்டானும் கும்பிடுபூச்சியும் சண்டை போட்டா எது ஜெயிக்கும்?" எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரண்டுமே வேட்டையாடிப் பிழைப்பவை. தட்டான் பறந்து பிடிக்கும்; கும்பிடுபூச்சி காத்திருந்து பிடிக்கும். அதற்கேற்றபடிதான் கண்ணும் காலும் அமைந்திருக்கின்றன.

தட்டானுக்குத் தலை முழுக்கக் கண்தான். பெரிய இனங்களில் ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 30,000 சிறு கண்கள் உண்டு. மேலே, கீழே, பக்கவாட்டில் என எல்லாம் ஒரே சமயத்தில் தெரியும். நான்கு இறக்கைகளையும் தனித்தனியாக இயக்குவதால் அந்தரத்தில் நிற்கும், சட்டென்று திரும்பும், பின்பக்கமாகவும் பறக்கும். கொசுவைக் கண்டால் அதன் பின்னாலேயே ஓடாது. கொசு எங்கே போய்ச் சேருமோ அந்த இடத்துக்கு முந்திப் போய் நிற்கும். ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது 100 பாய்ச்சலில் 90க்கு மேல் பலித்தன. சிங்கத்தின் பாய்ச்சலில் பாதிக்கு மேல் வீண்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அதற்கு நடக்கத் தெரியாது. ஆறு கால்களும் முன்பக்கம் குவிந்து, இரையை அள்ளும் கூடையாகிவிட்டன. உட்கார்ந்த இடத்திலிருந்து சற்றே தள்ளிப் போகவும் அது பறந்துதான் ஆகவேண்டும்.

கும்பிடுபூச்சியின் தலை முக்கோணமானது. நம்மைப் போலவே தலையைத் திருப்பிப் பார்க்கும். இரண்டு கண்களும் விலகி நின்று முன்னே பார்ப்பதால், இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துவிடும். இதை நிரூபிக்க இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் தேன்மெழுகு வைத்து அதற்குக் குட்டி முப்பரிமாணக் கண்ணாடியே மாட்டினார்கள். திரையில் ஓடிய பொய்யான இரை பக்கத்தில் வந்ததுபோல் தெரிந்ததும் முன்கால்களை வீசி அடித்தது! 2016இல் வெளியான ஆய்வு இது. முள் வரிசை கொண்ட அந்த முன்கால்கள் பாய்ந்து மூட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இன்னொரு வியப்பு, அதன் காது. பல இனங்களுக்கு ஒரே காதுதான். அதுவும் தலையில் இல்லை, மார்பின் அடியில், கால்களுக்கு நடுவே. வௌவால் எழுப்பும் மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத கூர்மையான ஒலி, அதில் விழுந்ததும், இரவில் பறந்துகொண்டிருக்கும் கும்பிடுபூச்சி சுழன்று கீழே பாயும். எனக்கு இதில் இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

சரி, குழந்தைகளின் கேள்விக்கு வருவோம். பறக்கும் தட்டானைக் கும்பிடுபூச்சியால் நெருங்கவே முடியாது. ஆனால் தட்டான் எப்போதாவது ஒரு குச்சி நுனியில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? அங்கே பெரிய கும்பிடுபூச்சி ஒன்று இருந்தால், காற்றில் ஆடும் இலைபோல அசைந்து அசைந்து கிட்டே வரும். முன்கால் எட்டும் தூரத்துக்கு அது வந்துவிட்டால், நான்கு இறக்கைகள் இருந்தும் தட்டான் தப்புவது கடினம்.

நன்றி, வணக்கம்.